ஏழாவது பாட்டு, பதினைந்தாவது டேக்

பதினாலாவது டேக்கும் அதே இடத்தில்தான் உடைந்தது. இரண்டாவது சரணம் முடிந்து, ரயில் வேகம் குறைந்து பிளாட்பாரத்துக்குள் நுழைகிற மாதிரி தாளம் இறங்கிவர வேண்டிய இடம். இறங்கவில்லை, தடுக்கி விழுந்தது. முனிரத்தினம் குச்சிகளைத் தொடைமேல் வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்தான். ஜமால் கிதார் கம்பிகள்மேல் உள்ளங்கையை வைத்து அடக்கினார். சகாயராணி வாய்வரை வந்துவிட்ட அடுத்த வரியை விழுங்கிக்கொண்டு, "சரி, நான் போய் ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு வாரேன்" என்றாள், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பதிவு செய்கிற நித்திலா, "பரவால்ல சார், கொஞ்ச நேரம் ஏசி போடுறேன்" என்றாள். டேக் போகும்போது ஏசியை நிறுத்திவிடுவார்கள், அதன் உறுமல் மைக்கில் விழுந்துவிடும். பதினாலு முறை நிறுத்தி, பதினாலு முறை வேர்த்து, பதினாலு முறை குளிர்ந்தாகிவிட்டது. குணசீலன் பேஸ் கிதாரைத் தோளிலிருந்து கழற்றவில்லை. கழற்றினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. எதை? முந்திக்கொண்டது நான்தான் என்பதை. மயிரிழைதான். முனியின் கால் ட்ரம்மில் இறங்குவதற்கு மயிரிழை முன்னால் என் விரல் கம்பியைத் தொட்டுவிடுகிறது. கேட்பவர்களுக்குத் தெரியாது, ஏதோ சரியில்லை என்று மட்டும் தெரியும், செருப்பில் மணல் புகுந்தவன் நடக்கிற மாதிரி. ஆனால் முனிக்குத் தெரியும். தெரிந்துதான் கூரையைப் பார்க்கிறான். என்னைப் பார்த்துத் திட்டியிருக்கலாம். இன்னாடா தூங்கறியா என்று கேட்டிருக்கலாம். பழைய முனியாக இருந்தால் குச்சியை விட்டெறிந்திருப்பான். இவன் கூரையைப் பார்க்கிறான். அங்கே என்ன இருக்கிறது, கறுப்பு ஸ்பாஞ்சு, சுவரெல்லாம் ஒட்டியிருக்கிற அதே கறுப்பு ஸ்பாஞ்சு, ஒரு ஓரத்தில் பிய்ந்து தொங்குகிறது, ஒன்பது நாளாகத் தொங்குகிறது.

ஒன்பது நாளில் பத்துப் பாட்டு என்று கணக்குப் போட்டுத்தான் சாலிகிராமத்தில் இந்த மாடியைப் பிடித்தார்கள். இன்றைக்கு ஒன்பதாவது நாள். ஒன்பது பாட்டு முடிந்தாயிற்று. இந்த ஏழாவது மட்டும் மூன்றாம் நாளிலிருந்து பிடி கொடுக்காமல் கடைசிக்குத் தள்ளிக்கொண்டே வந்து, இதோ முன்னால் நிற்கிறது. நாளைக்குக் காலையில் இந்த அறையை வேறு யாரோ எடுத்திருக்கிறார்கள். சகாயராணிக்கு ஊரில் மாதா கோயில் கொடியேற்றம், ராத்திரி தூத்துக்குடி பஸ் ஏற வேண்டும். பத்திரிகைக்காரர்கள் இவர்களை மெகா கூட்டணி என்று எழுதிவிட்டார்கள். எழுதமாட்டார்களா பின்னே. 'கொற்கை' குழுவின் சகாயராணி, 'ஷாமியானா'வின் ஜமால், அப்புறம் 'கரிமூட்டை'யிலிருந்து குணசீலனும் முனிரத்தினமும், அதுவும் இருபத்தோரு வருஷம் ஒரே மேடையில் ஏறாத இரண்டு பேர். கூட்டணிக்கு நாலுரோடு என்று பெயர் வைத்தது ஜமால். நாகூர்க்காரருக்கே உரிய நிதானத்தோடு, "எந்தப் பக்கத்துலேர்ந்து வந்தாலும் நாலுரோட்டுலதான் தம்பி டீக்கடை இருக்கும், நின்னுதான் ஆவணும்" என்றார். முதல் நாளே ஒரு தீர்மானமும் போட்டார்கள். நாலு பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒரே மூச்சில் வாசிப்பது. காதுக்குள் டிக் டிக் என்று கணக்குச் சொல்லும் க்ளிக் கூடாது. தனித்தனியாக வாசித்து ஒட்டுப்போடக் கூடாது. தெருவிலிருந்து எடுத்த தாளம், தெருவில் எப்படி நடக்குமோ அப்படியே நடக்கட்டும். கொஞ்சம் வேகமாகப் போனால் போகட்டும், கீழ்வீட்டுக் குக்கர் விசில் விழுந்தால் விழட்டும். உண்மையிலேயே விழுந்தது, ஒன்பதாவது டேக்கில், மூன்று விசில். சகாயராணி பாட்டை நிறுத்தாமலே நாலாவது விசிலைத் தானே அடித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். முனியும் சிரித்தான். சிரிக்கும்போது என்னைப் பார்த்தான். நான் ஏன் சட்டென்று குனிந்து வயரைச் சரிசெய்தேன்? வயரில் ஒன்றுமில்லையே.

முகத்தைப் பார்க்காமல் வாசிக்கிறேன், அதுதான் விஷயம். குணசீலனுக்கு இது மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது, தெரிந்தும் தெரியாத மாதிரி வைத்திருந்தான். மற்ற பாட்டுகளில் சமாளித்துக்கொள்ளலாம், ஜமாலின் கிதார் தூக்கிக்கொண்டு போய்விடும். இந்தப் பாட்டில் முடியாது. இந்தப் பாட்டின் எலும்பே பேஸும் ட்ரம்ஸும்தான், ஒரே ஆள் நடக்கிற மாதிரி இருக்க வேண்டும், இடது கால் நான், வலது கால் அவன். இதன் தாளம் எங்கே பிறந்தது என்று வேறு யாருக்குத் தெரியும்? எண்பத்தாறாம் வருஷம், கொன்னூர் ஹை ரோடு. எல்.ஐ.சி. பரீட்சைக்கு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தபோது முன்னால் ஒரு சாவு ஊர்வலம், பஸ் ஊர்ந்தது, கண்டக்டர் திட்டினார். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தால் ஒல்லியாக, சட்டையில்லாமல், கழுத்தில் மேளம் மாட்டிக்கொண்டு ஒருத்தன் அடித்துக்கொண்டிருந்தான். மற்றவர்கள் குத்தாட்டத்துக்கு அடிக்க, இவன் மட்டும் நடுநடுவே ஒரு அடியை விட்டுவிட்டு அடித்தான். விட்ட இடத்தில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் வயிறு ஒருமுறை இறங்கி ஏறியது. அவ்வளவுதான், குணசீலன் பஸ்ஸை விட்டு இறங்கிவிட்டான். செத்தது யாரென்று தெரியாது. ஓட்டேரி சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே போனான். பரீட்சை போனது. கொள்ளி வைத்து முடித்து எல்லாரும் திரும்புகிற நேரத்தில் கிட்டே போய், "அந்த அடிய ஏன் வுட்டே?" என்று கேட்டான். முனிரத்தினம் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்க அடிச்சா செத்தவரு எழுந்துப்பாரு" என்றான். அதற்குப் பிறகு பதினேழு வருஷம். எத்தனை மேடை, எத்தனை வேன், எத்தனை கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் மைக்கைப் பிடுங்கி சினிமாப் பாட்டு போடுங்கப்பா என்று சண்டை. அந்தப் பதினேழு வருஷமும் முனியின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வாசித்தான். கையைப் பார்க்க வேண்டியதில்லை. அடி விழுவதற்கு முன்னால் முனியின் கீழுதடு லேசாக உள்ளே போகும். அதைப் பார்த்தால் போதும்.

அப்புறம் அந்த ரேடியோ. நினைக்காதே என்றால் கேட்கிறதா? இரண்டாயிரத்து மூணு, ஆடி மாசம், வெயில் இன்னும் குறையவில்லை. எஃப்.எம். புதிதாக வந்திருந்த நேரம். கூப்பிட்டது கரிமூட்டையை, ஆனால் முனி வழக்கம்போல வரவில்லை, குணசீலன் தனியாகத்தான் போனான். கண்ணாடி அறை, இதே மாதிரி ஸ்பாஞ்சு, ஒரு பையன் கலகலவென்று பேசினான். உங்க ட்ரம்மர் எங்க சார், ஷோவுக்கெல்லாம் லேட்டா வருவாராமே? அங்கே நிறுத்தியிருக்கலாம். வரலைன்னா வரலை என்று விட்டிருக்கலாம். வாய்க்கொழுப்பு. அவன் சிரித்தான், நாமும் சிரிக்க வைக்க வேண்டும் என்று ஒரு ஆசை, ஊரே கேட்கிறது என்று ஒரு மிதப்பு. "ட்ரம்ஸுக்கு என்னங்க, யாரை வேணா புடிச்சு உக்கார வெச்சு அடிக்கச் சொல்லலாம். பாட்டு பேஸ்ல இருக்கு" என்றான். பையன் ஹாஹா என்று சிரித்து விளம்பரம் போட்டான். முதுகில் வேர்வை வழிந்தது அப்போதே. பஸ்ஸில் திரும்பும்போது, முனி கேட்டிருக்க மாட்டான், அவன் வீட்டில் ரேடியோவே இல்லை என்று சொல்லிக்கொண்டான். டீக்கடையில் இருக்குமே. சலூனில் இருக்குமே. மூன்று வாரம் முனி ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு கச்சேரியில் அதிகம் பேசாமல் வாசித்தான், ஒருநாள் ரிகர்சலுக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனால் அவன் பெண்சாதி சுலோச்சனா வாசலிலேயே நின்று, "அவரு மஸ்கட் பூட்டாருண்ணா, டிரைவர் வேலை" என்றாள். தலை நிமிரவில்லை அவள். அவள் தலை நிமிராததற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அன்றைக்கு அவனுக்குத் தெரிந்தது. இருபத்தோரு வருஷமாக அந்த அர்த்தத்தையே வைத்துக்கொண்டிருக்கிறான். மஸ்கட்டிலிருந்து கடிதமில்லை, போனில்லை. இவனும் எழுதவில்லை. என்னவென்று எழுதுவது?

சகாயராணிதான் மார்ச்சில் போன் பண்ணினாள். "அண்ணே, ட்ரம்ஸுக்கு முனியண்ணன் சரின்னுட்டாவ. ஊருக்கே திரும்பியாச்சாம். நீங்க ரெண்டு பேரும் எனக்கு முன்னால சண்ட போடக் கூடாது, சொல்லிட்டேன்." சண்டையா. சண்டை போட்டிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். முதல் நாள் முனி படியேறி வந்தான், தொப்பை, நரைத்த மீசை, முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக. கையில் பேரீச்சம்பழ டப்பா. ஒன்றை எடுத்துக் குணசீலன் வாயில் திணித்து, "தின்னு" என்றான். அவ்வளவுதான் இருபத்தோரு வருஷத்துக்கும். கொட்டையை எங்கே துப்புவது என்று தெரியவில்லை, பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். அதிலிருந்து எட்டு நாளும் முனி டிபன் கேரியரில் இரண்டு பேருக்குச் சாப்பாடு கொண்டுவருகிறான். வஞ்சிரம் வறுவல் வைத்தால் நடுத்துண்டு எனக்கு, வால் துண்டு அவனுக்கு. கேட்டால் எனக்கு வால்தான் புடிக்கும் என்கிறான். பொய், அவனுக்கு வால் பிடிக்காது, எனக்குத் தெரியாதா? ஏசிக்காற்று நேராக என்மேல் அடிக்கிறது என்று என் ஸ்டூலையே நகர்த்தி வைத்தான். இப்படியெல்லாம் செய்யாதேடா. ஒரு அறை விட்டிருந்தால் முடிந்திருக்கும். மன்னித்துவிட்டானா? மன்னித்தவன் இப்படியா கூரையைப் பார்ப்பான்? இல்லை, பழிவாங்குகிறானா, நடுத்துண்டு கொடுத்துக் கொடுத்தே? சீச்சீ, முனியைப் போய் அப்படி நினைப்பதா. சொல்லிவிடு. சொன்னால்? ஆறிப்போன புண்ணைக் கிளறி, அவன் எழுந்து போய்விட்டால்? பாட்டு போகும், ஆல்பம் போகும். அது போனாலும் பரவாயில்லை, மறுபடி இவன் போய்விட்டால்? இப்போது எனக்கு ஐம்பத்தெட்டு. அவனுக்கு அறுபதாகப் போகிறது. போன டிசம்பரில் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள் என்று சுலோச்சனா ஜமாலிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. இன்னொரு இருபத்தோரு வருஷத்துக்கு இரண்டு பேரிடமும் கைவசம் இல்லை.

நித்திலாவின் குரல் மறுபடி வந்தது. "சார், ஒண்ணு சொல்லட்டுமா? க்ளிக் வேணாம்னுதான் முடிவு பண்ணீங்க. ஆனா இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ட்ரம்ஸை முதல்ல எடுத்துட்டா, சீலன் சார் அப்புறமா தனியா உக்காந்து வாசிச்சுக்கலாம். நான் ஒட்டிடுறேன். தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றான் முனிரத்தினம். "தனித்தனியா வாசிக்கறதுன்னா நான் பெரம்பூர்ல வூட்லயே வாசிச்சிருப்பேன்மா. இன்னாத்துக்கு கூடினோம்?"

ஜமால் எழுந்தார். "நானும் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்" என்றபடி குணசீலனின் தோளை ஒருமுறை அழுத்திவிட்டு வெளியே போனார். கதவு காற்றை உறிஞ்சிக்கொண்டு சாத்திக்கொண்டது. அந்த அறையில் கதவைச் சாத்தினால் உலகம் நின்றுவிடும், தன் ரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்கும். முனி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். முதுகு வளைந்திருக்கிறது. காதில் வெள்ளை மயிர். இவனையா. இவனையா யாரை வேணா உக்கார வைக்கலாம் என்றேன். தண்ணீர் பாட்டில் எட்டாத தூரத்தில் இருந்தது. அதை எடுக்கப் போனால் சொல்லமாட்டேன் என்று தெரிந்தது. ஆகவே எடுக்கப் போகவில்லை.

"முனி. அன்னிக்கு ரேடியோல சொன்னது தப்புடா."

"எந்த ரேடியோ?"

"எஃப்.எம்.ல. நீ மஸ்கட் போறதுக்கு முந்தி. ட்ரம்ஸுக்கு யாரை வேணா உக்கார வெக்கலாம்னு சொன்னேன் இல்ல. பாட்டு பேஸ்ல இருக்குன்னு."

முனிரத்தினம் துண்டை முகத்திலிருந்து எடுத்தான். உண்மையாகவே யோசித்தான். நெற்றி சுருங்கியது, விரிந்தது.

"நான் அத்த கேக்கவே இல்லியேடா."

குணசீலனுக்கு முதலில் புரியவில்லை. பிறகு கால் பெருவிரலிலிருந்து சூடு ஏறியது. கேட்கவில்லையா. கேட்கவே இல்லையா. அப்படியானால் இருபத்தோரு வருஷமாக நான் யாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன்? இந்த நிமிஷம் வரைக்கும் அந்த வார்த்தை இவனைத் தொடவே இல்லை, இப்போது நானே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டேன். முனியின் முகத்தில் அது மெல்ல இறங்குவதைப் பார்த்தான், கண்ணுக்குக் கீழே, கன்னத்துக்கு, வாயோரத்துக்கு. பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒன்பது நாளாக விலகிக்கொண்டிருந்த கண் இப்போது விலக மறுத்தது.

"யாரை வேணாவா?" என்றான் முனி.

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்."

"ஊருக்கே கேக்கற மாதிரி."

"ஆமா."

ஸ்பீக்கரில் கரகரவென்று ஒரு சத்தம். நித்திலா மென்று விழுங்கினாள். "சார்... மைக்கெல்லாம் திறந்திருக்கு. இங்க எல்லாருக்கும் கேக்குது." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சகாயராணி காபி டம்ளரை வாயருகே வைத்தபடி நின்றிருந்தாள். ஜமால் டீயைக் கீழே வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தார்.

"கேட்டா கேக்கட்டும்" என்றான் முனிரத்தினம். குச்சிகளை எடுத்தான். "ஏசிய நிறுத்துமா. ரெண்டு பேரும் உள்ள வாங்க. அடிக்கலாம்."

ஜமால் கிதாரை மாட்டிக்கொண்டார். சகாயராணி மைக் முன்னால் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள். முனி குச்சியோடு குச்சி தட்டி நாலு எண்ணினான். ஒவ்வொன்றும் கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. முதல் அடியே கொஞ்சம் பலமாக விழுந்தது. கோபம். நல்ல, சுத்தமான, இன்றைக்குப் பிறந்த கோபம். குணசீலன் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு வாசித்தான். அடியென்றால் வாங்கிக்கொள்ளலாம், எட்டு நாள் நடுத்துண்டைவிட இது எவ்வளவோ லேசு. சகாயராணியின் குரல் மேலே எழுந்தது:

போற ரயிலுக்குக் கைய ஆட்டு,
போன ரயிலுக்கு ஏது பாட்டு.

இரண்டாவது சரணம் முடிகிற இடம் வந்தது. பயப்பட நேரமில்லை. முனியின் கீழுதடு உள்ளே போனது. வயதாகியும் அது அப்படியே போகிறது, மீசைக்குக் கீழே, லேசாக. விரல் தானாக நின்று காத்தது. அடி விட்டுப்போன பள்ளத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இறங்கி, சேர்ந்து ஏறினார்கள். ஜமால் கண்ணை மூடிக்கொண்டார். ரயில் நிற்கிற வரைக்கும் யாருக்கும் மூச்சில்லை. கடைசி சிம்பலின் அதிர்வு அறையை விட்டுப் போக நெடுநேரம் ஆனது. நித்திலா அது முழுசாக ஓயும் வரை கையை அசைக்கவில்லை. பிறகு, "இதான் சார்" என்றாள்.

முனிரத்தினம் இரைத்துக்கொண்டிருந்தான். குணசீலன் பேஸைக் கழற்றி வைத்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவனிடம் நீட்டினான். முனி பாதியைக் குடித்து, மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டான்.

"சொல்லிட்டு யாரைடா உக்கார வெச்சே?"

"மூணு பேரை."

"எவனும் அடிக்கலியா?"

"ஒருத்தன் உன்னைவிட நல்லா அடிச்சான். என்னாலதான் வாசிக்க முடியல. ஆறு மாசத்துல கரிமூட்டையை மூடிட்டேன்."

முனி தலையை உலுக்கினான், தண்ணீர் தெறித்தது. ட்ரம்மின் தோலைத் தடவினான்.

"மஸ்கட் விசா வந்து ரெண்டு மாசம் கையில வெச்சிருந்தேன்" என்றான். "பொண்ணுக்கு ஃபீஸ், வூட்டு மேல கடன், போய்த்தான் ஆவணும். ஒன் கையில சொன்னா நீ போவாதடான்னுவே. நீ சொன்னா நான் நின்னுடுவேன். அதான் சொல்லாம ஓடிப்பூட்டேன். சுலோகிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கினேன். நீ ஒரு கடுதாசி கூடப் போடலியா, சரி, சொல்லாம போன கடுப்புல இருக்கான், இந்த ஜென்மத்துல பேச மாட்டான்னு நெனச்சுக்கினேன்."

குணசீலனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத்தான் தொடங்கினான். பாதியில் அது வேறாகிவிட்டது, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரின் ஸ்பாஞ்சைப் பார்த்தான். ஆக இவனும் இருபத்தோரு வருஷம். அந்தப் பேரீச்சம்பழமும் மீனும் எல்லாம் இவன் எனக்குக் கேட்ட மன்னிப்பா. கடவுளே, இரண்டு கிழட்டு முட்டாள்கள், ஒருத்தனுக்கொருத்தன் குற்றவாளிக் கூண்டில் ஏறி நின்றுகொண்டு, நீதிபதி வரவில்லையே என்று காத்துக்கிடந்திருக்கிறோம்.

"இருந்தாலும் யாரை வேணான்னு சொன்னே பாரு" என்றான் முனி, "அதுக்கு இருக்குது ஒனக்கு. இன்னும் பத்து வருஷம் சொல்லிக் காட்டுவேன்."

"சொல்லு. பத்து வருஷமும் சொல்லு."

சகாயராணி மூக்கைச் சிந்திக்கொண்டு, "என் பஸ்ஸு போனாலும் போவட்டும்" என்றாள். "முனியண்ணே, இப்பம் வாசிச்சது நல்லாருந்துச்சு. ஆனா நீங்க ரொம்பக் கோவமா அடிச்சிய."

"ஆமாமா. அது ஆல்பத்துக்கு நல்லாத்தான் இருக்கும், வெச்சுக்கங்க." முனிரத்தினம் கண்ணாடிப் பக்கம் திரும்பினான். "நித்திலாம்மா, ரெக்கார்டு பண்ணாத. இன்னொரு தபா சொம்மா வாசிக்கிறோம். இது எங்களுக்கு."

"சும்மா ஒரு பதிவு எடுத்து வைக்கட்டுமா சார்?"

"வேணாம்மா."

நித்திலா கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குணசீலன் பேஸை மாட்டிக்கொண்டு, ஸ்டூலை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில், முழங்காலோடு முழங்கால் இடிக்கிற தூரத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். முனி இந்த முறை நாலு எண்ணவில்லை. பாட்டு நடந்தது, வெயிலில் நிழல் பார்த்து நடக்கிறவர்களைப் போல, முன்பு வாசித்ததையெல்லாம்விட மெதுவாக. முடிந்த பிறகு யார் முதலில் தொடங்கியது என்று இரண்டு பேரும் ஜமாலைக் கேட்டார்கள். பக்கத்திலேயே நின்று பார்த்தவர்தான். அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.